எதிர்வாதியின் சொல்லுக்கும் ஏட்டில் இடம்

(திருவொற்றியூரில் க்ஷமாவணி நாள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நாள்கள் தசலக்ஷண தருமங்களை ஒவ்வொன்றாகச் சிந்தித்தோம். இன்று ஒருவரையொருவர் நோக்கிப் பொறுத்தருள வேண்டி நிற்கிறோம். இந்நாளில், 'சமூகச் சிக்கல்களில் மாறுபட்ட கருத்துகளை எதிர்கொள்வது எவ்வாறு' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் என்னைப் பணித்தார்கள். இத்தலைப்பு எங்கிருந்து பிறந்தது என்பதை இங்குள்ள பலரும் அறிவீர்கள். எண்ணூர்ப் பகுதித் தொழிற்சாலைகளைப் பற்றி நம் சமூகத்தின் பெயரால் ஒரு விண்ணப்பம் அனுப்பலாமா கூடாதா என்று இதே கூடத்தில் ஒருநாள் எழுந்த பேச்சு, பேச்சோடு முடியவில்லை. அன்று எதிரெதிரே எழுந்து நின்ற இரு குடும்பத்தார் இன்றும் ஒருவர் வீட்டு விசேடத்திற்கு மற்றவர் செல்வதில்லை. இரு குடும்பமும் எனக்கு உறவு. இருவர் வீட்டிலும் நான் உணவு உண்கிறேன். ஆகவே, இன்றைய உரை எனக்கு வெறும் தத்துவ உரையன்று.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில் மாணவர்களைப் பட்டிமன்றத்திற்கும் சொற்போருக்கும் பழக்குவது என் பொறுப்பாக இருந்தது. பட்டிமண்டபம் என்னும் சொல் சிலம்பிலும் மணிமேகலையிலும் உள்ளது என்று பெருமையோடு சொல்லித் தொடங்குவேன். 'தொழிற்சாலைகளால் ஊருக்கு விளைவது நன்மையே, தீமையே' என்னும் தலைப்பு, வடசென்னைப் பள்ளி எதிலும் ஆண்டுக்கொருமுறை வந்துவிடும். ஓராண்டு, மீனவக் குப்பத்திலிருந்து படிக்க வந்த ஒரு மாணவியை 'நன்மையே' என்னும் அணியில் சேர்த்தேன். குரல் வளமும் நினைவாற்றலும் உடைய பெண். நான் எழுதிக் கொடுத்த கருத்துகளையெல்லாம் அருமையாகப் பேசி முதற்பரிசும் பெற்றாள். பாராட்டியபோது அவள் தலை நிமிராமல் சொன்னாள்: "டீச்சர், நீங்க குடுத்த பக்கம் பேசிட்டேன். எங்க வீட்டுப் பக்கம் என்னன்னு யாரும் கேக்கலையே."

வாதத்தில் வெல்லக் கற்றுக்கொடுத்தேன். எதிர்ப்பக்கத்தைக் கேட்கக் கற்றுக்கொடுத்தேனா என்னும் கேள்வி அன்றிலிருந்து என்னை விட்டு நீங்கவில்லை.

அன்பர்களே, நம் சமயம் வாதத்திற்கு அஞ்சிய சமயமன்று. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசி முழுவதும் வாதமே. ஆசிரியர் பெயர் தெரியாத அந்நூலில் பத்துச் சருக்கங்கள் உள்ளன. தருமவுரைக்குப் பின் குண்டலகேசி, அருக்கச்சந்திரன், மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என ஒவ்வொரு தரப்பாரோடும் நீலகேசி வாதிடுகிறாள். ஒரு பெண் ஊர் ஊராகச் சென்று அறிஞர் அவைகளில் ஏறி நிற்பதாகத் தமிழில் ஒரு சமண முனிவர் காப்பியம் செய்தார் என்பதே நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

நான் சொல்ல வந்தது வேறொன்று. நீலகேசி எந்த நூலுக்கு மறுப்பாக எழுந்ததோ அந்தக் குண்டலகேசி இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்பட்ட அப்பௌத்த நூலில் எஞ்சியவை ஏறத்தாழ 20 பாடல்களே. அந்நூல் என்ன வாதிட்டது என்பதை அறிய விரும்புவோர் நாடவேண்டிய இடங்களுள் முதன்மையானது நீலகேசியும் அதற்குச் சமயதிவாகர வாமன முனிவர் எழுதிய உரையுமே ஆகும். உரையாசிரியர் எதிர்வாதியின் பாடல்களைச் சுட்டி, அவற்றின் கருத்தைச் சொல்லி, அதன்பின்னரே மறுக்கிறார். மறுப்பதற்காகவே எடுத்துரைத்தார் என்பது உண்மைதான். ஆயினும், அவர் எதிர்த்தரப்பைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதன் குரலில் இன்னும் ஒரு பகுதி அழிந்திருக்கும். அந்த உரையோடு கூடிய நீலகேசியை 1936ஆம் ஆண்டு பதிப்பித்துத் தந்தவர் நம்மவராகிய பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். நீலகேசி எதிர்த்தரப்பை எடுத்துரைக்கிறாள். அதே மூச்சில் ஏளனமும் செய்கிறாள். படிக்கும்போது நமக்குச் சுவையாக இருக்கும் இடங்கள் சில, ஒரு பௌத்தர் படித்தால் புண்படும் இடங்கள். அந்நூலிலிருந்து நாம் கொள்ள வேண்டியது எடுத்துரைக்கும் முறை. ஏளனத்தை அக்காலத்துக்கே விட்டுவிடலாம்.

எதிர்த்தரப்பை அதன் சொற்களிலேயே எடுத்துரைப்பது ஏன் இன்றியமையாதது? அந்த நிலையில் நாமே நின்ற ஒரு நாளை நினைவூட்டுகிறேன். 2006இல் தொடுக்கப்பட்ட ஒரு பொதுநல வழக்கில், சல்லேகனை நோன்பு தண்டனைக்குரிய செயலே என்று இராசத்தான் உயர்நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. தற்கொலை முயற்சிக்கும் தற்கொலைக்குத் தூண்டுவதற்கும் உரிய பிரிவுகளின்கீழ் அதைக் கொண்டுவந்தது. அம்மாதம் 24ஆம் நாள் நாடெங்கும் சமணர்கள் வாய்பேசாது ஊர்வலம் சென்றனர். 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.

அந்த மூன்று வாரங்களில் நம் வீடுகளில் என்ன பேசினோம்? 'எங்களைக் கேளாமல் முடிவு செய்கிறார்களே' என்றோம். தற்கொலை சினத்திலோ துயரத்திலோ நிகழ்வது. சல்லேகனையோ விருப்பு வெறுப்புகளை அடக்கி, யாவரிடமும் பொறுப்பு வேண்டி, தீராப் பிணியோ முதுமையோ வந்துற்ற இடத்து ஆசிரியரின் வழிகாட்டலில் மேற்கொள்வது என்று விளக்க முயன்றோம். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அதற்கென விதிகள் உண்டு; அந்நூல் அருங்கலச்செப்பு என்னும் பெயரில் தமிழிலும் உண்டு என்றோம். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு நிற்கிறதே என்றோம். தமிழ்ச் சான்றோர் வடக்கிருந்த வரலாறு புறநானூற்றில் உண்டே என்றோம். இவை யாவும் சரி.

ஆனால் எதிர்த்தரப்பின் சொல்லை நாம் கேட்டோமா? 'ஆதரவற்ற முதியவள் ஒருத்தி, குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறோம் என்னும் எண்ணத்தாலோ, சுற்றத்தார் பெருமைக்காகவோ இந்நோன்புக்குத் தள்ளப்பட்டால் அவளைக் காப்பது யார்? தொடங்கிய பின் மனம் மாறினால் உணவு கேட்க அவளுக்கு வாய் இருக்குமா?' என்பது அவர்கள் கேட்ட கேள்வி. இக்கேள்வியில் பகைமை இல்லை. ஓர் உயிரின்மீது கொண்ட அக்கறை இருக்கிறது. உயிர்களிடத்து அக்கறை கொள்வது நம் சமயம்தானே? அக்கேள்விக்கு நம் நூல்களிலேயே விடையும் இருக்கிறது. மனம் கலங்கியவருக்கு அந்நோன்பு உரியதன்று. ஆயினும், விடை இருக்கிறது என்பதால் கேள்வி தேவையற்றது ஆகிவிடாது. அன்று நாம் அக்கேள்வியை நம் வாயால் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விடை கூறியிருந்தால், கேட்டவர்கள் நம்மை இன்னும் நம்பியிருப்பார்கள் என்பது என் துணிபு.

இனி அநேகாந்தத்திற்கு வருகிறேன். யானையைத் தொட்ட பார்வையற்றோர் கதையை இங்கு மீண்டும் சொல்லப் போவதில்லை. அக்கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. அதைச் சொல்பவர் யானை முழுவதையும் தாம் கண்டவர்போலத் தோன்றுகிறார், பிறரெல்லாம் தடவிக்கொண்டிருக்கிறார்கள். அநேகாந்தம் நமக்கு அந்த உயரத்தைக் கொடுக்கவில்லை. முழுமையான ஞானம் கேவலிக்கே உரியது. நாம் எல்லோரும் தடவிப் பார்ப்பவர்களே.

இன்னொரு தவறான கருத்தும் நம்மிடையே பரவியிருக்கிறது. 'அவர் சொல்வதும் சரி, இவர் சொல்வதும் சரி. நமக்கேன் வம்பு' என்று ஒதுங்குவதை அநேகாந்தம் என்று சொல்லிக்கொள்கிறோம். அதற்குச் சோம்பல் என்று பெயர். சியாத்வாதத்தில் 'சியாத்' என்னும் சொல் 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்னும் ஐயத்தைக் குறிப்பதன்று. 'ஒருவகையால்', 'இந்த நோக்கில்' என்று வரையறுத்துச் சொல்வதைக் குறிப்பது. எந்த நோக்கில் நின்று பேசுகிறேன் என்று அறிவித்துப் பேசுவது நயம். என் நோக்கு ஒன்றே உண்மை, ஏனைய யாவும் பொய் என்று பேசுவது துர்நயம். பொருள் ஒன்றே, இடத்தாலும் காலத்தாலும் நிலையாலும் அதன் இயல்பு வேறுபடும் என்பதை வரையறுத்துச் சொல்வதற்குத்தான் நம் ஆசாரியர்கள் ஏழு பங்கம் வகுத்தார்கள்.

இதை நம் தெருவில் வைத்தே பார்ப்போம். இராயபுரத்தில் வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் திறந்த வெளியில் குவிக்கப்பட்ட காலத்தில், மாடியில் உலர்த்திய துணி கறுத்துப்போகும். வடகம் காயவைக்க இயலாது. குழந்தைகளுக்கு இருமல் ஓயாது. மக்கள் முறையிட்டார்கள். வழக்கு நடந்தது. உயர்நீதிமன்ற ஆணையின்படி 2011 அக்டோபர் முதல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது கையாளுதல் நிறுத்தப்பட்டது. அது நியாயமான வெற்றி. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த வெற்றியை வேறு நோக்குகளிலிருந்தும் பாருங்கள். நிலக்கரியை நம்பிப் பிழைத்த துறைமுகத் தொழிலாளிக்கு அது வேலையிழப்பு அச்சம். துறைமுகத்துக்கு வருவாய் இழப்பு. நிலக்கரி நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சென்றது. ஏற்கெனவே அனல்மின் நிலையங்களின் சாம்பலைச் சுமந்த ஊரின் தலையில் இன்னொரு சுமை ஏறியது. இராயபுரத்து நோக்கில் தூசு நீங்கிற்று. எண்ணூர் நோக்கில் தூசு வந்தது. இரண்டும் உண்மை. இந்த இரண்டாம் உண்மையை அன்று நம்மில் எவரும் பேசவில்லை. எண்ணூரார் அந்த அவையில் இல்லை. நாமும் அவர்கள் சார்பில் எண்ணிப் பார்க்கவில்லை. வாதத்தில் வென்றவர் தம் வெற்றியின் சுமை யார் தோளில் இறங்கியது என்று திரும்பிப் பார்ப்பதும் அநேகாந்தமே.

அடுத்து, நம் கூடத்தில் பிணக்கை உண்டாக்கிய எண்ணூருக்கே வருகிறேன். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கிக் கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதே தொடக்க நாள்களில் வாதப்பொருளாயிற்று. படகும் வலையும் கறுத்தன. அலையாத்திச் செடிகளின் தண்டில் எண்ணெய் ஏறியது. நாரைகளின் சிறகு கறுத்தது. அந்தக் கறை கழுவப்படுமுன், டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கப்பலில் வரும் அம்மோனியாவை இறக்குவதற்கு முன் குழாயைக் குளிரவைக்கும் பணியின்போது நேர்ந்த கசிவு அது. கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலையை நிரந்தரமாக மூடவேண்டும் என்று மீனவ ஊர்கள் பல வாரங்கள் போராடின. பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரித்தது. 2024இல் ஆலை மீண்டும் இயங்கலாயிற்று.

நம் கூடத்தில் எழுந்த இரு தரப்பையும், நீலகேசி உரைகாரர் முறையில், என்னால் இயன்றவரை அவர்கள் சொற்களிலேயே சொல்கிறேன்.

ஒரு தரப்பு: 'உரம் இல்லாமல் உழவு இல்லை. ஆரணியிலும் வந்தவாசியிலும் நம் சொந்தக்காரர்களின் வயலுக்கு உரமூட்டை எங்கிருந்து செல்கிறது? மின்சாரம் இல்லாமல் இந்தக் கூடத்தில் விளக்கு எரியாது. நிலம் விற்று நகரம் வந்த நம் தந்தையர் துறைமுகத்தையும் இரயில்வேயையும் ஆலைகளையும் சார்ந்துதான் நம்மைப் படிக்க வைத்தார்கள். ஆலையை மூடு என்று சொல்வது எளிது. கதவடைத்தால் முதலில் தெருவுக்கு வருபவர் ஒப்பந்தத் தொழிலாளி. மேலும், நாம் சிறுபான்மையினரிலும் சிறுபான்மையினர். நமக்கு எதற்கு இந்தப் போராட்டம்?'

மறுதரப்பு: 'வேலை ஓரிடத்தில், நோய் வேறிடத்தில் என்பது எந்த நீதி? நகரத்தின் விளக்குக்காக எண்ணூர்க் குழந்தை ஏன் சாம்பலை மூச்சாக இழுக்க வேண்டும்? ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூட அம்மக்களுக்குச் சொல்லி வைக்கப்படவில்லையே. பூச்சி விழாமல் நீரை வடிகட்டிக் குடிப்பவர்கள் நாம். ஓர் ஆறே நஞ்சாகும்போது வாய் திறவாவிட்டால் நம் அகிம்சை வடிகட்டித் துணியோடு முடிந்ததா?'

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது எனக்கே தெரிகிறது. இவர்கள் ஒருவருக்கொருவர் விடை கூறவில்லை. ஒருவர் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறார். மற்றவர் காப்பைப் பற்றிப் பேசுகிறார். 'உங்கள் அச்சம் இதுதானே?' என்று எவரும் எவரையும் கேட்கவில்லை.

இவற்றோடு, மெல்லிய குரலில் சொல்லப்பட்ட மூன்றாம் தரப்பு ஒன்றும் உண்டு. அதை மறைத்தால் என் உரை நேர்மையாகாது. 'மீன்பிடித்தல் உயிர்க்கொலை. அத்தொழில் காக்கப்பட வேண்டும் என்று சமணர் எவ்வாறு கையெழுத்திடுவது?' என்பது அது. கேட்டவர் நல்ல நோன்பாளி. அவர் கேள்வியை நாம் சிரித்துத் தள்ளக்கூடாது.

என் விடை இது. நம் நூல்கள் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காக வகுக்கின்றன. எண்ணித் துணிந்து செய்யும் கொலையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். அந்நெறியில் நாம் தளர வேண்டியதில்லை. மீன்பிடித்தலை நாம் போற்றவும் வேண்டியதில்லை. ஆனால் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது எதை அடிப்படையாக வைக்கிறது? பிரமத்த யோகத்தை. அதாவது, கருத்தின்மையால், விழிப்பின்மையால், உயிர்களுக்கு ஊறு விளைவதை. தமிழ்ப் பேச்சில் 'பிரமாதம்' என்றால் மிகச் சிறப்பு என்று பொருளாகிவிட்டது. வடமொழியில் அச்சொல்லின் பொருள் அசட்டை. சொல்லின் பொருள் மாறியதுபோல நம் உள்ளத்திலும் மாறிவிட்டதோ என்று சிலவேளை எண்ணுவேன். குழாயைச் சோதிக்காமல் விடுவதும், கழிவைத் தேக்கிவைக்கும் கரையை வலுப்படுத்தாமல் விடுவதும், ஊர்மக்களுக்கு எச்சரிக்கை செய்யாமல் விடுவதும் இந்த அசட்டையே. அதில் மடிவது மீனும் நண்டும் நாரையும் மனிதரும். வலையில் வீழும் மீனுக்காக இரங்கும் நெஞ்சு, எண்ணெயில் மிதக்கும் மீனுக்காகவும் இரங்க வேண்டும். மூச்சுத் திணறி ஓடிய தாயிடம் 'உன் தொழில் என்ன' என்று கேட்டபின் இரங்குவது கருணையாகாது.

ஆக, அநேகாந்தம் பக்கம் சாராமை என்று நான் சொல்லவில்லை. எல்லாத் தரப்பையும் கேட்டபின், அகிம்சை என்னும் உரைகல்லில் உரைத்து முடிவெடுக்க வேண்டும். எப்படிப்பட்ட முடிவு? அதற்கும் நீலகேசியே வழிகாட்டுகிறது. அரசிக்கு மகப்பேறு வாய்த்ததற்காகக் காளி கோயிலில் உயிர்ப்பலி இட மக்கள் வருகிறார்கள். அங்கிருந்த முனிச்சந்திரர் அவர்களைப் பழிக்கவில்லை. உங்கள் நன்றி பொய் என்று சொல்லவில்லை. உயிருள்ள விலங்குகளுக்கு மாற்றாக மண்ணால் செய்த உருவங்களைப் படையுங்கள் என்கிறார். மக்களின் வேண்டுதல் நிறைவேறிற்று, உயிர்களும் பிழைத்தன. அதனால் சினந்த காளி ஏவிவிட்ட பழையனூர் நீலிதான், அம்முனிவரை அச்சுறுத்த வந்து, இயலாமல், அவர் அறம் கேட்டு நீலகேசியாகிறாள். வாதிட வந்த பேய் வாதத்தின் தலைவியானது, அஞ்சாமலும் சினவாமலும் ஒருவர் தன் எதிரே நின்றதால்.

எண்ணூர் வாதத்தில் 'மண்ணுருவம்' எது? எனக்குப் பொறியியல் தெரியாது. உழவனுக்கு உரமும் தொழிலாளிக்கு வேலையும் வேண்டும். ஊருக்கு மூச்சும் வேண்டும். இரண்டில் எதையும் பொய்யென்று தள்ளாமல், தீங்கை மட்டும் பிரித்தெடுக்கும் வழியை அறிந்தவர்களிடம் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு. அப்படி ஒரு வழி இல்லையென்று ஆய்ந்து தெளிந்தால், அப்போது எந்தத் தீங்கு பெரிது, அது யார்மேல் விழுகிறது என்று சொல்லும் துணிவும் நமக்கு வேண்டும்.

நம் மரபிலிருந்து இன்னுமொரு கதை. அகளங்கர் பௌத்தரோடு வாதிட்டபோது, திரைக்குப் பின்னால் ஒரு குடத்தில் இருந்த தாரா தேவியே விடை கூறினாள் என்றும், பல மாதங்கள் வாதம் முடியாமல் நீண்டது என்றும் சொல்வர். சொன்னதைத் திருப்பிச் சொல்லுமாறு கேள் என்று அகளங்கருக்கு அறிவுறுத்தப்பட்டது. கேட்டார், குடம் வாய்மூடிற்று. திரையை விலக்கிக் குடத்தை உடைத்தார். கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. அதிலுள்ள அறிவுரையைக் கொள்ளலாம். இன்று நம் வாட்ஸ்அப்பில் வந்து விழும் செய்திகளுள் எத்தனை குடத்துக் குரல்கள்! யார் சொன்னது, எங்கே நின்று சொன்னது என்று தெரியாத சொல்லை நம் சொல்லாக்கி உறவினர்மேல் எறிகிறோம். 'திருப்பிச் சொல்லுங்கள், உங்கள் சொற்களில் சொல்லுங்கள்' என்று கேட்டால், பல வாதங்கள் அந்த இடத்திலேயே ஓய்ந்துவிடும். நம் கூடத்துச் சண்டையிலும் சூட்டைக் கிளப்பியது அத்தகைய ஒரு செய்திதான். அதை அனுப்பியவரே பிறகு என்னிடம், 'அக்கா, எனக்கும் வந்தது, அனுப்பினேன்' என்றார்.

நீங்கள் வியக்கும் ஒரு செய்தியைச் சொல்கிறேன். எதிர்த்தரப்பை ஏட்டில் எழுத வேண்டும் என்னும் நெறி நம் நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது. பெரிய ஆலைகளும் துறைமுகங்களும் அமையுமுன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று மத்திய அரசின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கூறுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உரிய நிலையிலுள்ள அலுவலரோ தலைமை தாங்க வேண்டும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்பளிக்க வேண்டும். கூட்டம் முழுவதும் ஒளிப்பதிவாக வேண்டும். எழுந்த கருத்துகளின் சுருக்கத்தைக் கூட்டத்தின் இறுதியில் மக்கள் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். மக்கள் எழுப்பிய கேள்விகளும் அவற்றுக்கு நிறுவனம் தரும் விடைகளும் பட்டியலாக்கப்பட வேண்டும். வர இயலாதவர் எழுத்திலும் கருத்து அனுப்பலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்னும் வரம்பு அதில் இல்லை. ஒருவரும் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும். 2017இல் மூடப்பட்ட எண்ணூர்ப் பழைய அனல்மின் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் திறனுள்ள புதிய அலகு அமைப்பது பற்றி 2024 டிசம்பரில் எர்ணாவூரில் இத்தகைய கூட்டம் நடந்தது. எதிர்ப்புரைகள் பல எழுந்தன. நம் சமூகத்திலிருந்து எத்தனை பேர் சென்றோம் என்று நான் கேட்கப்போவதில்லை, நானும் செல்லவில்லை.

ஆகவே நம் சபைக்கு மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, இனிப் பிணக்குக்குரிய எந்தப் பொருளைப் பேசினாலும், பேச எழுபவர் முதலில் எதிர்த்தரப்பைச் சொல்ல வேண்டும். 'ஆம், என் கருத்து இதுதான்' என்று எதிர்த்தரப்பார் தலையசைத்த பின்னரே தம் கருத்தைத் தொடங்க வேண்டும். என் பேரப்பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தேன். பாதிச் சண்டை முதற்படியிலேயே குறைந்துவிடுகிறது. மீதிப் பாதி குறையவில்லை; அது உண்மையான வேறுபாடு. அதை வைத்துக்கொண்டும் ஒன்றாக உண்ணலாம்.

இரண்டாவது, நம் சபையின் நடவடிக்கைப் பதிவேட்டில் தீர்மானத்தை மட்டும் எழுதும் வழக்கத்தை மாற்றி, ஏற்கப்படாத கருத்தையும் காரணத்தோடு எழுதி வைப்போம். நாளை நம் பேரர்கள் படிக்கும்போது, இவர்கள் எதை வென்றார்கள் என்பதோடு எதைக் கேட்டார்கள் என்பதும் தெரியட்டும்.

மூன்றாவது, அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்திற்கு நம் சபையிலிருந்து இருவர் செல்லட்டும். இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர். ஒரே வண்டியில் செல்லட்டும். அவர்கள் யாராக இருக்க வேண்டும் என்பது என் மனத்தில் உண்டு. அந்த இருவரும் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவர் முன்வரிசையில், ஒருவர் கடைசி வரிசையில்.

க்ஷமாவணி நாளில் எண்ணத்தாலும் சொல்லாலும் செயலாலும் செய்த பிழைகளுக்குப் பொறுப்பு வேண்டுகிறோம். இவ்வாண்டு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வோம்: கேளாமல் விட்ட சொற்களுக்காகவும் பொறுத்தருளுங்கள். அந்த மாணவி இப்போது எங்கிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இவ்வுரை அவள் காதுக்கு எட்டினால், அவளிடமும் இதையே வேண்டுகிறேன்.



வாழ்க அருகன் அறம்! ஜெய் ஜினேந்திரா!